சிம்மக்கல் மாடிக் கடை: வித்வான்கள் ரசிகர்களுக்கு எழுதிய கடிதங்கள்

இசைக் கலைஞர்கள் தங்கள் ரசிகர்களுக்குக் கைப்பட எழுதிய கடிதங்களைச் சேர்க்கிறவர்கள் மதுரைப் பக்கம் வந்தால் எங்கே போய்ப் பார்க்கலாம் என்று என்னிடம் பல பேர் கேட்டிருக்கிறார்கள். சிம்மக்கல்லிலிருந்து வடக்கு மாசி வீதிக்குப் போகிற வழியில் ஒரு சந்து, அதில் கீழே எவர்சில்வர் பாத்திரக் கடை, மேலே மாடியில் பழைய காகிதக் கடை. அங்கேதான் போகச் சொல்வேன். பெயர்ப் பலகை கிடையாது. நடத்துகிற பெரியவர் வாழ்நாள் முழுக்கப் புத்தக பைண்டிங் செய்தவர், அவருடைய தங்கை தபால் துறையில் கடிதங்களைப் பிரித்து அடுக்குகிற சார்ட்டிங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று இரண்டு பேருமே சொல்லிவிட்டார்கள், அதனால் ஐயா, அக்கா என்றே எழுதுகிறேன். கடைக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

முதலில் என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்க நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பிவிடலாம். இந்தக் கடை அருமையான கடை. விலை நியாயம், பொருள் நம்பகம், பேச்சில் ஒளிவு மறைவு இல்லை. ஆனால் பிரபலமான ஒருவருடைய கையெழுத்தை வாங்கிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு போனால் உங்களுக்கு இது சரிப்படாது.

ஏன் என்றால், இங்கே கடிதங்களை எழுதியவர் பெயரில் அடுக்கவில்லை. வாங்கியவர் பெயரில் அடுக்கியிருக்கிறார்கள். அட்டைப் பெட்டிகள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் ஒரு ரசிகரின் ஊரும் தொழிலும் எழுதியிருக்கும்: சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர், உசிலம்பட்டி வாத்தியார், ஆரப்பாளையம் நர்ஸ், மில் தொழிலாளி ஒருவர், மேலூர் டீக்கடைக்காரர். இன்னார் எழுதிய லெட்டர் இருக்கிறதா என்று கேட்டால் ஐயா எழுந்து தேட மாட்டார். “எந்தப் பெட்டியில வேணாலும் இருக்கலாம் தம்பி, உக்காந்து பாருங்க” என்பார். அவசரத்தில் வருகிறவர்களுக்கு இது கடுப்பாகத்தான் இருக்கும், வாசல்படியோடு திரும்பிப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்த ஏற்பாடுதான் சரி. கச்சேரி கேட்டுவிட்டு மனசு தாங்காமல் ஒருவர் எழுதுகிறார், அதைப் படித்துவிட்டு வித்வான் உட்கார்ந்து பதில் போடுகிறார். அந்த ரசிகரை எடுத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஒரு ஒப்பம் மட்டும்தான். அதற்கு ஆட்டோகிராப் நோட்டே போதுமே.

இந்த ஊரில் இப்படி ஒரு கடை உருவானதில் ஆச்சரியமும் இல்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் பிறந்த ஊர், டி.எம். சௌந்தரராஜன் 1922இல் பிறந்த ஊர், மதுரை மணி ஐயரும் மதுரை சோமுவும் ஊர்ப் பெயரைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டே உலகத்துக்குத் தெரிந்தவர்கள், நாதஸ்வரத்துக்கு சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்கள். இது மேடைக்காரர்களின் பட்டியல். இவர்களைக் கேட்பதற்காக மீனாட்சி கோயில் ஆடி வீதியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள், மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள், மறுநாள் காலையில் தபாலாபீசுக்குப் போய் ஒரு கார்டு வாங்கி எழுதிப் போட்டவர்கள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள்! அவர்களுக்கு வந்த பதில்கள் இந்த ஊர் வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள்ளேயும் பரணிலும் இருந்தன. வீட்டுப் பெரியவர் காலமானதும் வீட்டைக் காலி செய்கிறவர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் கிலோ கணக்கில் போட்டுவிடுகிறார்கள். செல்லூர், ஆரப்பாளையம் பக்கத்துப் பழைய பேப்பர்க்காரர்கள் சிலரிடம் ஐயா சொல்லி வைத்திருக்கிறார்: கடிதக் கட்டு எது வந்தாலும் பிரிக்காமல் தனியாக எடுத்து வை, நான் வந்து பார்க்கிறேன்.

அப்படிக் கிடைத்ததும் அவர் செய்கிற முதல் வேலைக்காகவே இந்தக் கடையை நான் மதிக்கிறேன். மேலுறையில் இருக்கிற முகவரியைப் பிடித்துக்கொண்டு அந்தக் குடும்பத்தைத் தேடிப் போகிறார். உங்கள் அப்பாவுக்கு, உங்கள் அத்தைக்கு, இன்ன வித்வான் எழுதிய கடிதங்கள் என்னிடம் வந்திருக்கின்றன, வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டும் என்றால் பேப்பர்க்காரருக்குக் கொடுத்த காசை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறார். வேண்டாம் என்றால், அந்த ரசிகரைப் பற்றி அவர்கள் சொல்வதை ஒரு முழுத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறார். என்ன வேலை பார்த்தார், யாரிடமாவது பாட்டுக் கற்றுக்கொண்டாரா, எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போவார், இப்படி. அந்தத் தாள் கட்டோடு சேர்ந்தே விற்பனைக்கு வரும்.

பீட்டில்ஸ் குழுவில் பாடிய ஜான் லெனன் 1971இல் ஒரு இளம் பாடகருக்கு எழுதிய கடிதம் இந்த நேரத்தில் நினைவுக்கு வருகிறது. ஸ்டீவ் டில்ஸ்டன் என்று பெயர். பணமும் புகழும் சேர்ந்தால் பாட்டு எழுதுவது கெட்டுப்போகுமோ என்று அவர் ஒரு பத்திரிகைப் பேட்டியில் கவலைப்பட்டிருந்தார். லெனன் அதைப் படித்துவிட்டுக் கைப்படப் பதில் எழுதி, தொலைபேசி எண்ணையும் போட்டு, பத்திரிகை முகவரிக்கே அனுப்பினார். அது டில்ஸ்டன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. கடிதம் எப்படியோ சேகரிப்பாளர்கள் கைக்குப் போய், இது நிஜமா என்று விசாரிக்க ஒரு சேகரிப்பாளர் தொடர்பு கொண்டபோதுதான், 2005இல், தனக்கு அப்படி ஒரு கடிதம் வந்தது என்பதே அவருக்குத் தெரிந்தது. சேகரிக்கிறவர் பெறுநரைத் தேடிப் போவதால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம் ஊரில் ஐயா அதை வழக்கமாகவே வைத்திருக்கிறார்.

இப்போது சோழவந்தான் பெட்டி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் இருப்பதிலேயே சிறந்தது என்று நான் நினைப்பது இதுதான், ஆனால் இது விற்பனைக்கு இல்லை. குடும்பம் கொடுக்க மறுத்துவிட்டது, வருகிறவர்கள் படிக்கட்டும் என்று கடையில் வைத்திருக்கச் சம்மதித்திருக்கிறார்கள். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு ரசிகருக்கும் ஒரு நாதஸ்வர வித்வானுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து. வித்வான் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்பது குடும்பத்தின் வேண்டுகோள். பொதுவாக இந்த மாதிரிக் கட்டுகளில் வித்வானின் பதில்கள் மட்டும்தான் இருக்கும், ரசிகர் எழுதியது வித்வான் வீட்டோடு போயிருக்கும். இவரோ எழுதுவதற்கு முன்னால் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு தடவை எழுதிப் பார்த்திருக்கிறார். அந்தத் தாள்களும் கட்டிலேயே இருக்கின்றன. தேதி வேறு முன்பக்கம் அச்சில் இருக்கிறதா, எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று பிசகாமல் வரிசைப்படுத்த முடிகிறது.

ஒரு தாளை மட்டும் சொல்கிறேன். ஜெனகை மாரியம்மன் கோயில் வைகாசித் திருவிழா முடிந்த மறுநாள் எழுதியது. சாமி புறப்பாட்டோடு நான்கு வீதியும் கூடவே நடந்திருக்கிறார், வித்வான் தோடி ராகம் வாசிப்பார் வாசிப்பார் என்று. ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அல்லவா, நாதஸ்வரம் என்றாலே அவர்களுக்குத் தோடிதான். கடைசி வரை தோடி வரவில்லை. முதல் வரியில் நேராகவே குறை சொல்லி ஆரம்பித்திருக்கிறார், பிறகு அதைக் குறுக்காக அடித்துவிட்டுக் கொஞ்சம் தணிந்து எழுதியிருக்கிறார், அதையும் அடித்துவிட்டு, கடைசியில் வித்வானின் உடம்புக்கு என்ன, சௌக்கியம்தானே என்று விசாரிப்பதில் போய் நின்றிருக்கிறது. பென்சில் அழுத்தம் அந்த முதல் வரியில் தாளைக் கிட்டத்தட்டக் கிழித்திருக்கிறது.

வித்வானின் பதில் ஒரு போஸ்ட் கார்டில். மேலே பிள்ளையார் சுழி, பிலவ வருஷம் வைகாசி மாசம் என்று தேதி, உபய க்ஷேமம், அப்புறம் நேராக விஷயம். இரண்டாவது வீதி திரும்பும்போது பெய்த மழையில் சீவாளி, அதாவது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற நாணல் துண்டு, ஊறிவிட்டது, மாற்றுச் சீவாளியும் சரியாகப் பேசவில்லை, அந்த நிலையில் தோடியைத் தொட மனசு வரவில்லை என்கிறார். மேற்படி விஷயம் என்பதற்கு அந்தக் கால ௸ குறிதான் போட்டிருக்கிறார். கார்டில் இடம் தீர்ந்துபோக, கடைசி இரண்டு வரி ஓரத்தில் ஏறி நிற்கிறது: கொடுத்தனுப்பிய வெற்றிலை நன்றாக இருந்தது, அடுத்த தடவை மதுரை வரும்போது சொல்லி அனுப்புகிறேன், வீட்டுக்கு வாருங்கள், உட்கார்ந்து வாசிக்கிறேன் என்று. பெரிய சபாவில் வாசித்த ஒரு மனிதர், கொடிக்கால் வைத்திருப்பவருக்கு, வாசிக்காமல் விட்ட ஒரு ராகத்துக்குக் கணக்குச் சொல்கிறார்! எந்த இசை வரலாற்றுப் புத்தகத்திலும் எனக்கு இது கிடைத்ததில்லை.

சரி, இதெல்லாம் அசல்தானா என்ற கேள்விக்கு வருவோம். இங்கேதான் அக்கா.

மேலே சொன்ன கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிலவ வருஷம் அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும், 1901லும் வந்தது, 1961லும் வந்தது, 2021லும் வந்தது. கார்டில் அச்சாகியிருக்கிற விலை நயா பைசாவில் இருக்கிறது. நயா பைசா 1957 ஏப்ரலில் வந்து 1964 ஜூனில் வெறும் பைசாவாகிவிட்டது. ஆக 1961தான், தபால் முத்திரையும் அதையே சொல்கிறது. இவ்வளவையும் அக்கா கார்டைக் கையில் வாங்கின உடனே சொல்லிவிடுவார். அவர் பார்க்கிற இன்னும் சில விஷயங்களையும் எழுதி வைக்கிறேன், எந்த ஊரில் வாங்கினாலும் உங்களுக்கு உதவும். ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. அதற்கு முன்னால் மயிலாப்பூர் என்றால் சென்னை-4 என்று எழுதினார்கள், அவ்வளவுதான். இன்லேண்ட் லெட்டர் 1950இல் வந்தது, அதனால் 1940களின் தேதி போட்ட இன்லேண்ட் யாராவது காட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். பால்பாயிண்ட் பேனா அமெரிக்காவிலேயே 1945 கடைசியில்தான் கடைக்கு வந்தது.

எழுத்து வடிவம் இன்னொரு நல்ல சாட்சி. துதிக்கை வைத்த பழைய லை, ணை, சுழித்து இறக்கின பழைய ணா, னா இதெல்லாம் 1978இல் அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்கும் வரை பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்தவை. அதற்கு அப்புறமும் வயதானவர்கள் சாகும் வரை பழைய மாதிரியேதான் எழுதினார்கள். 1950களில் எழுதியதாகச் சொல்லப்படுகிற ஒரு பாகவதர் கடிதத்தில் புது லை இருந்தால் யோசிக்க வேண்டும். பெரியார் 1935இலேயே அந்த எழுத்துகளைத் தன் பத்திரிகையில் கொண்டுவந்துவிட்டார், அதைப் பழகினவர்கள் இருந்தார்கள், அதனால் அதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடக் கூடாது என்றும் அக்கா சேர்த்துச் சொல்வார். இந்த நிதானம்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. நான் இருக்கும்போதே ஒருவர், பழைய காலத்துப் பெரிய பாடகர் எழுதியது என்று ஒரு கவரை விற்கக் கொண்டு வந்தார். அக்கா பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, கவரின் மேலே விரலை வைத்து, “தம்பி, இவரு போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் வந்த பின்கோடு இது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்னொரு விஷயம், வெளியூர் ஏலங்களில் யாரும் வாயைத் திறக்காதது. நம் பக்கத்து வித்வான்கள் நிறைய பேர் கடிதத்தைத் தாங்களே எழுதவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல சிஷ்யர் எழுதியிருப்பார், கீழே ஒப்பம் மட்டும் வித்வானுடையது. நாடகக் கலைஞர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு, வேறு யாரிடமாவது சொல்லி எழுதி வாங்கியிருப்பார்கள். இந்தக் கடையில் ஒவ்வொரு உறையின் மூலையிலும் இதைக் குறித்துவிடுகிறார்கள்: கை வித்வான், ஒப்பம் வித்வான் என்று, அல்லது கை சிஷ்யர், ஒப்பம் வித்வான் என்று. விலையும் அதற்குத் தகுந்தபடி மாறுகிறது. சிஷ்யர் எழுதியது மட்டம் என்று நான் நினைக்கவில்லை, அந்தச் சிஷ்யர் பின்னாளில் பெரிய ஆளாகியிருந்தால் இன்னும் விசேஷம். ஆனால் வாங்குகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். கைப்பட எழுதியது என்று சொல்லி யார் கைப்பட என்பதை விழுங்கிவிடுகிற விற்பனையாளர்கள்தான் இந்தத் துறையில் அதிகம்.

சினிமாப் பாடகர்கள் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம். ரசிகர்களுக்கு அனுப்பிய புகைப்படங்களில் இருக்கிற கையெழுத்து பல நேரம் படத்தோடு சேர்ந்து அச்சானது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மை கோடாக ஓடாமல் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஐயா அதைத் தனிப் பெட்டியில் அச்சுக் கையெழுத்து என்று எழுதிப் போட்டு, படத்தின் விலைக்கு மட்டும் விற்கிறார்.

பழுது பார்க்கிற வேலையும் கடையிலேயே உண்டு, சேவை என்று பார்த்தால் இதற்குத்தான் அதிகமான மதிப்பெண் கொடுப்பேன். மடிப்பில் விட்டுப்போன இன்லேண்டுகள்தான் அதிகமாக வருகின்றன. பைண்டிங்குக்குக் கிண்டுகிற மைதா பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவது வழக்கம். கடிதத்துக்கு அது ஆகாது, நாளாவட்டத்தில் காகிதத்தைத் தின்றுவிடும் என்று சொல்லி ஐயா துத்தம் இல்லாமல், கோதுமை ஸ்டார்ச்சை மட்டும் தனியாகக் காய்ச்சி வடிகட்டி, கொஞ்சமாக எடுத்து, மெல்லிய ஜப்பான் டிஷ்யூவைக் கத்தரிக்காமல் விரலால் கிழித்து, அந்தப் பிசிறு ஓரம் மடிப்பின் மேல் படிகிற மாதிரி பின்பக்கத்தில் ஒட்டுகிறார். கத்தரித்த ஓரம் நாளைக்கு அங்கேயே புது மடிப்பாக உட்கார்ந்துவிடுமாம். மேலே ஒரு துணி, அதற்கு மேலே ஒரு கனமான கணக்குப் புத்தகம், மறுநாள்தான் கையில் கொடுப்பார். பழைய புளூ பிளாக் மையில் எழுதியதாக இருந்தால் முதலில் ஓர் ஓரத்தில் ஈரப் பஞ்சால் லேசாக ஒற்றி மை கரைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுகிறார். கரைந்தால் வேலையை எடுத்துக்கொள்வதே இல்லை.

லேமினேஷன் செய்து வந்த கடிதத்தைக் காட்டினால் அவர் முகம் வாடிவிடும். சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்கவே முடியாது, உள்ளே காகிதம் பழுப்பேறிக்கொண்டே போகும். தெரிந்தவர் ஒருவர் தன் தாத்தாவுக்கு வந்த கடிதத்தை ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுக்க, பத்திரமாக இருக்கட்டும் என்று அவர்களாகவே லேமினேட் செய்து கொடுத்துவிட்டார்கள். ஐயா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை, சூரிய வெளிச்சம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள், அது போதும் என்று சொல்லி அனுப்பினார், காசு வாங்கவில்லை. செல்லோ டேப், ஸ்டேப்ளர் பின், சாதாரண பி.வி.சி. கவர் போட்ட ஆல்பம் மூன்றும் கூடாது, பாலியெஸ்டர் உறையும் அமிலமில்லாத தாளும் போதும் என்பது இங்கே எல்லாருக்கும் சொல்லப்படுகிற பாடம். உறைகளும் அங்கேயே கிடைக்கும். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் போடச் சொல்கிறார். கடிதத்தின் மேல் படாமல் இருந்தால் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாதம் ஒரு தடவையாவது பெட்டியைத் திறந்து காற்றாட விட வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்வார்.

குறைகளும் இருக்கின்றன. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், முட்டிவலிக்காரர்களை அழைத்துப் போக முடியாது. இது சின்னக் குறை. பெரிய குறை, கல்யாணப் பரிசாகக் கேட்கிறவர்களுக்காக அவர்கள் சில அசல் கடிதங்களைச் சட்டம் போட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டி வைத்திருப்பது. காலை வெயில் நேராக அதன் மேல் விழுகிறது. ஊருக்கெல்லாம் வெளிச்சம் கூடாது என்று சொல்கிற கடை இதைச் செய்யலாமா என்று ஐயாவிடமே கேட்டுவிட்டேன். வாடகைக்கு அதுதான் வழி தம்பி என்றார். எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. சுவரில் நகலை மாட்டிவிட்டு அசலை உறையில் போட்டுக் கூடவே கொடுத்தால், பரிசு வாங்குகிறவர்கள் வேண்டாம் என்று சொல்லவா போகிறார்கள்? அடுத்த தடவை போகும்போது மாறியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்புறம் பட்டியல். கணக்குப் புத்தகத்தில் கையால் எழுதியது, அது ஐயாவுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் புரியும். வெளியூர்க்காரர்கள் போனில் கேட்டு வாங்குவது கஷ்டம். வாட்ஸப்பில் படம் அனுப்பக் கேட்டால் மேலுறையை மட்டும் எடுத்து அனுப்புவார்கள், உள்ளே இருப்பதை நேரில் வந்து படித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை, காரணம் இருக்கிறது. கடிதத்தை வாங்கினால் காகிதம்தான் நம்முடையது. எழுத்தின் மேல் உள்ள உரிமை எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும்தான். எழுதியவர் மறைந்து 60 வருஷம் வரை அந்த உரிமை இருக்கும், அவர் இருக்கும்போது அச்சில் வராத எழுத்தாக இருந்தால் முதலில் வெளியான வருஷத்துக்கு அப்புறம்தான் 60 வருஷக் கணக்கே ஆரம்பிக்கும். நாம் வாங்கிய கடிதத்தைப் படம் பிடித்து இஷ்டத்துக்கு வெளியிடுவது சரியில்லை, வீட்டு விவகாரமும் உடல்நிலையும் பணக் கஷ்டமும் எழுதியிருக்கிற கடிதங்கள் எத்தனையோ உண்டு. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிற உறவினருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 75 வருஷத்துக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகள் 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், அவற்றைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. அந்த வயதுக் கடிதம் எதையும் வெளிநாட்டு முகவரிக்கு இந்தக் கடை அனுப்புவதில்லை, வற்புறுத்தினாலும் சரி.

விலை விவரம் கேட்பீர்கள். அதிகம் அறியப்படாத கலைஞர்களின் போஸ்ட் கார்டு 300 ரூபாயிலிருந்து கிடைக்கிறது, சபா வித்வான்களின் கடிதம் இரண்டாயிரம் மூவாயிரம், மேலுறையோடு முழுக் கட்டாக வாங்கினால் பேசி முடிவு செய்யலாம். கட்டைப் பிரித்துத் தர மாட்டார்கள். தபால்தலை சேகரிப்பவர்கள் தலையை மட்டும் வெட்டி எடுத்துப் போன கவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மூலையில் சதுரமாக ஓட்டை விழுந்து, தேதி முத்திரையும் அதோடு போய், உள்ளே இருக்கிற கடிதம் எந்த வருஷத்தது என்றே தெரியாமல் அநாதையாக நிற்கும். அப்படிப்பட்டவற்றை ஐயா விலையில் பாதிக்குக் கொடுக்கிறார், ஏன் பாதி என்றும் சொல்கிறார்.

நான் சேர்ப்பது ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் கார்டுகளை, குறிப்பாக ஆர்மோனியக்காரர்கள் எழுதியவற்றை. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவை ஆரம்பித்த ஊர் இது, இன்றைக்கும் நாடகக்காரர்கள் சங்கம் வைத்து இயங்குகிற ஊர். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும் வரை நடக்கிற நாடகத்தில் ஆர்மோனியக்காரர்தான் பின்பாட்டும் பாடுவார், மொத்த நாடகமும் அவர் கையில் இருக்கும். அவரைக் கேட்பதற்கென்றே ஊர் ஊராகப் போகிற ரசிகர்கள் இருந்தார்கள். மேலூர் டீக்கடைக்காரர் பெட்டியில் இருக்கிற கார்டுகள் முழுக்க அந்த மாதிரிதான்: பங்குனி கடைசியில் இந்த ஊர், சித்திரையில் இந்த ஊர், பஸ் எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு வந்தால் முன்னால் இடம் கிடைக்கும், யார் ராஜபார்ட் போடுகிறார், தொண்டை எப்படி இருக்கிறது. பெரிய ஏலங்களில் இதற்கு ஒருவரும் கை தூக்க மாட்டார்கள். ஒரு கலைஞர் தன் சீசன் முழுவதையும் ஒரே ஒரு ரசிகருக்காக உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கிறார் என்பதே எனக்குப் போதும். அந்தப் பெட்டியைக் கட்டாகவே வாங்கிவிட்டேன், டீக்கடைக்காரரின் மகள் எழுதிக் கொடுத்த தாளோடு.

பீத்தோவன் 1812இல் எமிலி என்ற ஒரு சின்னப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தை இன்றும் உலகம் படிக்கிறது. அந்தப் பெண் தன் கையாலேயே பூவேலை செய்து ஒரு சின்னப் பை அனுப்பியிருந்தாள், அதற்கு நன்றி சொல்லித்தான் அவர் எழுத ஆரம்பிக்கிறார். சோழவந்தான் வெற்றிலைக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும் என்பது என் கட்சி.

உங்கள் வீட்டிலேயே இப்படிக் கடிதங்கள் இருந்தால், விற்கிற எண்ணம் இல்லாவிட்டாலும், ஒரு தடவை இங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். மேலுறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் கழற்றிவிட்டுப் பழைய பருத்தித் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். படித்துச் சொல்வதற்கும் தேதி கண்டுபிடித்துச் சொல்வதற்கும் அக்கா காசு வாங்குவதில்லை. சௌராஷ்டிர மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, படித்துச் சொல்ல ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அந்த மொழி தெரிந்தவர்கள் போனால் பெரிய உதவியாக இருக்கும். ஜிபே வாங்குகிறார்கள், மாடியில் சிக்னல் வராது, கீழே இறங்கி வந்துதான் அனுப்ப வேண்டும், கையில் கொஞ்சம் பணமாக வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஐயா திலகர் திடல் சந்தைக்குப் போய்விடுவார், கடையில் அக்கா மட்டும் இருப்பார். மற்ற நாட்களில் மதியம் இரண்டிலிருந்து நாலு வரை மூடியிருக்கும், அதற்குத் தகுந்தபடி கிளம்புங்கள்.